வேடியப்பனின் பதினெட்டு வருடப் பத்தியம்

மூங்கில்கொல்லை வேடியப்பனுக்குப் பதினோரு புளியமரங்கள். மாசி பிறந்துவிட்டால் பாதி ஊர் அவர் மரத்தடியில்தான் உட்கார்ந்து ஓடு தட்டும், நார் உரிக்கும், கொட்டை எடுக்கும். ஊருக்குள் நுழையும்போதே பல் கூசும். ஆனால் அந்தப் பதினோரு மரத்துக்கும் சொந்தக்காரர் வாயில் ஒரு சுளை புளி பட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதையே நம்பி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாதபோது கோபம் வந்தது. இரண்டுமே எனக்குச் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அருணா. சொந்த ஊர் கலசப்பாக்கம். மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினொரு வருடமாக லேப் டெக்னீஷியன். வேலைக்கு வந்த புதிதில் எப்போது கீழே மாற்றல் கிடைக்கும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றல் என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. இந்த மலையில் பாதிப் பேருக்கு முகத்தைவிடக் கை நரம்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வேடியப்பனின் நரம்பு கயிறு மாதிரி தடித்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்.

ஆள் ஒல்லி. நாற்பத்தாறு வயது. ஒன்றரை ஏக்கரில் சாமை போடுவார், மற்ற நேரமெல்லாம் மரத்துமேல் இருப்பார். சிரித்தால் அடுத்த கொல்லைக்குக் கேட்கும். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒருமுறை சந்தைக்குப் போன ஒருவர், "நான் வர்ற வரைக்கும் என் ஆட்டைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். போனவர் மச்சான் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால், வேடியப்பன் அதே பாறைமேல் பசியோடு உட்கார்ந்திருக்கிறார், ஆடுகளும் இருக்கின்றன. "வூட்டுக்குப் போயிருக்கலாமே" என்று கேட்டதற்கு, "நீ வந்து போடான்னு சொல்லலியே" என்றாராம். சொன்னவன்தான் வந்து விடுவிக்க வேண்டும், அதுதான் அவருடைய சட்டம்.

புளியை விட்டதும் இதே சட்டத்தால்தான். இருபத்தெட்டு வயதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம் எல்லாம் மஞ்சள். ஊரில் இருந்தவர்கள் முழங்கைக்குக் கீழே மூன்று சூடு போட்டுப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பிறகு மலையை விட்டு இறங்கி, கணியம்பாடிப் பக்கம் ராஜவேலு என்ற வைத்தியரிடம் போனார்கள். அவர் கீழாநெல்லியை அரைத்து மூன்று நாள் காலையில் பாலில் கொடுத்தார். உப்பு, எண்ணெய், புளி மூன்றும் கூடாது, நானாகச் சொல்லும்வரை தொடக்கூடாது என்றார்.

இங்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கொடுத்தவர்தான் பத்தியத்தை முறிக்க வேண்டும். வேறு யாரும் சொல்லி முறித்தால் மருந்து வேலை செய்யாது, உடம்புக்கும் ஆகாது என்பார்கள். இரண்டாவது முறை போனபோது வைத்தியர் உப்பையும் எண்ணெயையும் விட்டுக்கொடுத்தார். புளிக்கு அடுத்த அமாவாசை கழித்து வரச் சொன்னார். அமாவாசை கழித்துப் போனால் வைத்தியர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மனுஷன் இறந்துபோய்ப் பதினோரு நாள்.

அவ்வளவுதான். முறிக்க ஆள் இல்லை. வைத்தியரின் மகன், "அண்ணே, நான் சொல்றேன், சாப்டுங்க" என்றிருக்கிறான். "மருந்து நீயா குடுத்த?" என்று கேட்டுவிட்டு வேடியப்பன் மலை ஏறிவிட்டார். அன்று முதல் அவர் மனைவி அம்சவல்லி ஒவ்வொரு நாளும் இரண்டு குழம்பு வைத்தார். "எனக்குக் கோயில் கட்டணும் மேடம்" என்பார் அந்த அம்மா. "பதினெட்டு வருஷம் ரெண்டு சட்டி கழுவினவ இந்த ஜில்லாவுல வேற யாருன்னா கீறாங்களா?"

காமாலை போய்விட்டது, உடம்பும் தேறிவிட்டது. கேட்டால் பத்தியம்தான் காப்பாற்றுகிறது என்பார். நானும் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன், மூங்கில்கொல்லையில் அந்த முகாம் நடக்காமல் இருந்திருந்தால்.

போன வருடம் ஆடி மாதம். ரேஷன் கடைப் பக்கத்தில் மேசை போட்டு ரத்தப் பரிசோதனை செய்தோம். ஊசியைப் பார்த்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப் பக்கம் நழுவினார்கள். வேடியப்பன்தான் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எனக்கு மொதல்ல எடு மேடம். நான் கத்தலன்னா மத்தவங்க வருவாங்க. கத்தினா நீ ஓடிடு" என்றார். கத்தவில்லை. அவருக்குப் பின்னால் முப்பத்தேழு பேர் கை நீட்டினார்கள்.

அவருடைய பரிசோதனை அட்டையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு வந்தது. ஹெபடைடிஸ் பி. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"அண்ணே, உங்களுக்குக் காமாலை வந்துச்சில்ல?"

"வந்துச்சு, போயிடுச்சு. பதினெட்டு வருஷம் ஆவுது."

"காமாலைதான் போச்சு. அதைக் கொண்டாந்த கிருமி போவல. ஈரல்லயே குடியிருக்குது."

அவர் தன் வலது விலாப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். "சத்தமே இல்லாம கீதே. நல்ல குடித்தனக்காரன்தான்" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சத்தமில்லாத குடித்தனம்தான் ஆபத்து.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஞ்சித் என்று ஒருவர். ஈரலுக்கென்றே படித்தவர், பொறுமைசாலி. என் பொறுமையையும் சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முழுப் பரிசோதனையும் செய்துவிட்டு வேடியப்பனையும் அம்சவல்லியையும் உட்காரவைத்துச் சொன்னார். பெரியவர்களான பிறகு இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலானவர்களின் உடம்பே அதைத் துரத்திவிடும். பிறக்கும்போது அம்மாவிடமிருந்தோ சின்ன வயதிலோ தொற்றினால்தான் இப்படி நிலையாகத் தங்கும். வேடியப்பனுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் வந்த காமாலை, அது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான். பல பேருக்கு அப்படித் தூக்குவது தானாகவே அடங்கிவிடும். அடங்கினாலும் ஈரலை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கிக்கொண்டே இருக்கும். சிலருக்குப் பல வருடம் கழித்து அதிலிருந்து புற்றுநோய் வரும்.

"எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வரும்னும் நான் சொல்லல" என்றார் டாக்டர். "வந்தா மொளையிலயே கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். வலி வந்தப்புறம் வந்தீங்கன்னா நான் செய்யறதுக்கு அதிகமா ஒண்ணும் இருக்காது."

அம்சவல்லிக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கிருமி இல்லை. பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தது. அம்சவல்லிக்கு நான் மூன்று ஊசி போட்டேன். ஆவணியில் எடுத்த முதல் ஸ்கேனில் வேடியப்பனின் ஈரலில் தழும்பு இருந்தது, கட்டி எதுவும் இல்லை. எனக்கு மனசு லேசானது. அடுத்த ஸ்கேன் மாசியில் என்று சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மாசி வந்தது. வேடியப்பன் மரத்துமேல் ஏறினார், வேலூருக்குப் போகவில்லை. நான் போன் செய்தால், "புளி உலுக்கினு கீறேன் மேடம், அப்பால போறேன்" என்றார். பங்குனி முதல் வாரமும் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவர் கொல்லைக்குப் போனேன். நான் போட்ட சத்தத்தில் மரத்தடியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"எறங்குங்கண்ணே கீழ!"

"இன்னா மேடம் இவ்ளோ தூரம்? ஒரு கெளைதான் பாக்கி."

"ஒரு மாசமா அந்த ஒரு கெளைதான் பாக்கியா? ஸ்கேனுக்கு ஏன் போவல?"

மேலிருந்து இலைக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. "ஒரு தடவ பாத்துட்டாங்களே, ஒண்ணுமில்லன்னும் சொல்லிட்டாங்க. மாத்திரையும் தெனம் முழுங்கறேன். அதுக்கு மேல பத்தியம் வேற இருக்கறேன். எனக்கு இன்னா ஆவும்?"

"உங்க பத்தியம் ஈரலுக்குள்ள பூந்து பாத்துட்டு வருமா? புளி தின்னாலும் தின்னாட்டியும் அந்தக் கிருமிக்கு ஒண்ணுதாண்ணே!"

"அது ஒங்களுக்குத் தெரியாது மேடம்" என்றார் அவர். குரலில் சிரிப்பே இல்லை. எனக்கு அது புதிதாக இருந்தது.

அம்சவல்லி என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வேடியப்பனின் அம்மாவைப் பற்றி அப்போதுதான் எனக்குச் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாவுக்கும் காமாலை வந்திருக்கிறது. வயிறு வீங்கி, கால் வீங்கி, கடும் பத்தியத்தில் படுத்திருந்தார். வேடியப்பனின் அக்கா ஜெயம்மாள்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது, அப்போது இருபத்திரண்டு வயது. ஒருநாள் அம்மா, "ஒரு வாய் ரசம் குடுடி, நாக்கு செத்துப்போச்சு" என்று கெஞ்சியிருக்கிறார். ஜெயம்மாள் மனசு கேட்காமல் புளி கரைத்து ரசம் வைத்து ஊட்டிவிட்டார். மூன்றாம் நாள் அம்மா இறந்துவிட்டார். சாவு வீட்டில் சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, அத்தனை பேருக்கு நடுவில், "பத்தியத்த முறிச்சு பெத்தவளையே கொன்னுட்டாளே" என்று ஒப்பாரி வைத்தாராம்.

"அந்தச் சொல்லு நின்னுபோச்சு மேடம்" என்றார் அம்சவல்லி. "பக்கத்து ஊர்லதான் எங்க நாத்தனாரக் குடுத்துக்கீது. கல்யாணம், காதுகுத்து எதுக்கு வந்தாலும் சமையக்கட்டுப் பக்கம் வராது. ஒருத்தருக்கும் ஒரு கரண்டி சோறு போடாது. கடைசிப் பந்தியில உக்காந்து சாப்டுட்டுப் போய்டும். இவரு அக்காள ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா தனக்குக் காமாலை வந்தப்போ பயந்துட்டாரு. புளின்னா இவருக்கு சாவுதான் ஞாபகம் வருது."

எனக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போனது. அந்த ஆளைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி வந்துவிட்டால் ஸ்கேன் யார் எடுப்பது? அங்கேயே நின்று டாக்டர் ரஞ்சித்துக்குப் போன் போட்டு, மருந்து கொடுத்தவர்தான் முறிக்க வேண்டும் என்கிற அந்தப் பத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். புளியைக் கூட்டிவைத்திருந்த தார்ப்பாய் ஓரமாக நின்று, மூன்று இடம் மாறித்தான் சிக்னல் கிடைத்தது. டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

"வேடியப்பன், இப்போ உங்களுக்கு மருந்து குடுக்கறது யாரு?"

மரத்திலிருந்து பதில் வந்தது. "நீங்கதான் சார்."

"அப்போ இந்த மருந்துக்குப் பத்தியம் யார் சொல்லணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"கேட்டுக்கோங்க. ஆவணியில ஒரு ஸ்கேன், மாசியில ஒரு ஸ்கேன். சாராயம் ஒரு சொட்டுகூட கூடாது. இதான் பத்தியம். நானா முறிக்கிற வரைக்கும் நீங்க முறிக்கக் கூடாது."

பிறகு வேடியப்பன் கடகடவென்று இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார். "இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே சார்? திங்கக்கிழமை வர்றேன்." திங்கட்கிழமை முதல் பேருந்தில் போனார். பதினொரு வருடமாக நான் தொண்டை கிழியச் சொல்லும் அறிவுரை எல்லாவற்றையும் இனிமேல் பத்தியம் என்றே சொல்லலாமா என்று அன்றைக்கு யோசித்தேன்.

அந்த ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தது.

ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேறு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். டாக்டர் எனக்குப் போனில் சொன்னபோது மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஒரு ஸ்லைடும் பார்க்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்குச் சோம்பலாக இருந்திருந்தால், ஸ்கூட்டியில் பெட்ரோல் இல்லாமல் இருந்திருந்தால் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடியப்பன் மலைக்குத் திரும்பியதும் நேராக என்னிடம்தான் வந்தார். அம்சவல்லியின் கண் வீங்கியிருந்தது. வேடியப்பன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார், பயந்தவர்கள் பேசுகிற மாதிரி. "சின்னதுதானாம் மேடம். புளியங்கொட்டை அளவுதானாம். ஊசிய உள்ள வுட்டு சூடு வெச்சுப் பொசுக்கிடுவாங்களாம்." பிறகு தன் கையிலிருந்த பழைய மூன்று தழும்பையும் என்னிடம் காட்டினார். "அன்னிக்கும் சூடுதான் வெச்சாங்க, இன்னிக்கும் சூடுதான். நம்ம ஆளுங்க எடத்த மட்டும் தப்பா வெச்சுட்டாங்க." அழுதுகொண்டிருந்த அம்சவல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

சித்திரையில் பொசுக்கினார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. தோலில் ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான் அடையாளம். ஆனால் அங்கே வேறொரு காரியம் நடந்தது. அதை ஒரு மாதம் வரை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். மயக்கம் தெளிந்த பசி. சோறு, சாம்பார், பொரியல். பருப்பும் தக்காளியும்தானே என்று சாம்பாரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாளும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர், "இன்னிக்கு சாம்பார்ல புளி தூக்கலா கீது இல்ல?" என்று கேட்டபோதுதான் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றதாம். சாம்பாரில் புளி போடுவார்கள் என்பது பதினெட்டு வருடத்தில் அவருக்கு மறந்தேபோயிருந்தது. அம்சவல்லி அவருக்கு வைத்தது பத்தியக் குழம்பு மட்டும்தானே.

"இன்னா பண்ணீங்க?" என்று பிற்பாடு கேட்டேன்.

"ஐஞ்சு வேளை உள்ள போயிடுச்சு. ஆறாவதையும் சாப்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த மனுஷன் காத்திருந்திருக்கிறார். தினமும் காலையில் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பாராம், நகத்தைப் பார்ப்பாராம், ராத்திரி வயிற்றைத் தட்டிப் பார்ப்பாராம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் முழுக்கக் கருகியிருந்தது, புதிதாக எதுவும் இல்லை. "ரொம்ப நல்லா இருக்கு வேடியப்பன்" என்று டாக்டர் கை கொடுத்தபோது, இவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"சார், புளி தின்னு யாருன்னா சாவாங்களா?"

டாக்டர் என்ன ஏது என்று முழுவதையும் கேட்டிருக்கிறார். வேடியப்பன் அம்மாவைச் சொல்லி, ரசத்தைச் சொல்லி, அக்காவைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, "இதை நான் போய்ச் சொன்னா ஆவாது சார். நீங்களே எங்கக்காகிட்ட சொல்லணும்" என்று தன் போனை எடுத்து, ரெக்கார்டு செய்யும் இடத்தை அமுக்கி, மேசைமேல் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்காவும் தம்பியும் என் லேபுக்கு வந்தார்கள். ஜெயம்மாளை நான் அதுவரை பார்த்ததில்லை. தம்பி மாதிரியே ஒல்லி, ஆனால் சத்தமே வராத பெண். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர் என்பதால் அவருக்கும் கட்டாயம் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேடியப்பன் அதற்குத்தான் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். எதற்கு வந்தோம் என்பதன் மறுபாதியை அந்த அம்மாவிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, ஊசி குத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு" என்று போனைச் சிரிஞ்சுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

டாக்டரின் குரல் நிதானமாக வந்தது. "ஜெயம்மாள் அக்கா, நான் ரஞ்சித், உங்க தம்பியைப் பாக்கற டாக்டர். உங்க அம்மாவை நான் பாத்ததில்ல. ஆனா உங்க தம்பி சொல்றதை வெச்சுப் பாத்தா அவங்களுக்கும் இதே வைரஸ்தான் ஈரலைக் கெடுத்திருக்கணும். புற்றுநோயாகூட இருந்திருக்கலாம். வயிறு வீங்கினப்போவே எல்லாம் கை மீறிப் போயிருக்கும். ரசத்துனால உங்க அம்மா சாகல. அவங்க கடைசியா ஆசைப்பட்டதை நீங்க குடுத்தீங்க. நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்."

ஜெயம்மாள் போனையே பார்த்தார். "இன்னொரு தடவ போடு" என்றார்.

போட்டார். முடிந்ததும் திரும்பவும், "இன்னொரு தடவ" என்றார். மூன்றாவது முறை முடிவதற்குள் அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். இருபத்தாறு வருடத்து அழுகை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வரிசையில் நின்றவர்களை, "டீ குடிச்சிட்டு வாங்க" என்று விரட்டினேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

பிறகு சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "நீ ஏண்டா இத்தினி வருஷத்துல ஒரு நாளு கூட எங்கிட்ட இதப் பத்திக் கேக்கல?"

"கேட்டா அழுவியேன்னுதான்" என்றார் வேடியப்பன்.

"அழுதா இன்னாடா? அழுது முடிச்சிருப்பேனே!"

ஜெயம்மாள் கையை மேசைமேல் நீட்டினார். அதே கயிறு மாதிரி நரம்பு. பதினைந்து நிமிடம் மூன்று பேரும் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் கோடு வந்தது. இரண்டாவதும் வந்தது.

எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அந்த அம்மாவே புரிந்துகொண்டார். "எனக்கும் கீதா? சரி. தம்பிக்குப் பாத்த மாதிரி எனக்கும் பாத்துடலாம். எப்போ வேலூருக்குப் போவணும்?"

"செவ்வாய்க்கிழமை அக்கா. ஸ்கேன் எடுத்துருவாங்க. மாத்திரை வேணுமான்னு அவங்க சொல்லுவாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ விடாம பாக்கணும்."

"வுட மாட்டேன்." தம்பியின் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத என் போன்ல ஏத்திக் குடு மேடம். நல்லா சத்தமா கேக்கற மாதிரி."

ஏற்றிக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். வேடியப்பனும் கூட எழுந்தார். "நீ குந்துடா" என்றார் ஜெயம்மாள். "எங்கக்கா போற?" என்று அவர் கேட்டார்.

"சின்னம்மா வூட்டுக்கு" என்றார் ஜெயம்மாள். "அது செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவ கேக்கட்டும். சண்ட போட மாட்டேன். கேட்டு முடிச்சதும் அங்கயே அடுப்பு மூட்டி, அதுக்கு ஒரு வாய் சோறாக்கிப் போட்டுட்டு வர்றேன்."